காயாத துணி

ஷெட்டைத் திறந்ததும் சிந்தாமணி காதில் முதலில் விழுந்தது தண்ணீர் சொட்டுகிற சத்தம். குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார்களாக்கும் என்று போய்ப் பார்த்தாள். குழாய் இறுக்கி மூடித்தான் இருந்தது. இரவெல்லாம் மூடிக் கிடந்த தகரக் கொட்டகைக்குள் பச்சை மண்ணின் வாசனையும், ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் சூட்டு வாசனையும், மூலையில் எலி செத்த வாசனையும் எப்போதும் போல அடைந்து கிடக்க, அதற்குள்ளே புதிதாக, இப்போதுதான் யாரோ கோணிச் சாக்கை நனைத்து உதறிவிட்டுப் போன மாதிரி ஓர் ஈரவாடை அடித்தது. சத்தம் வந்த பக்கம் நடந்தாள். தனக்கோடியின் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகைமேல் கிடந்த துணி சொதசொதவென்று நனைந்திருந்தது.

தனக்கோடியை வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அது பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி. பச்சை மண் பொம்மையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவன் அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையென்றால் விருத்தாசலத்து வெயிலுக்கு மறுநாளே காய்ந்து பாளம் விட்டுவிடும். அவனவன் துணியை அவனவன்தான் நனைக்கவேண்டும், அடுத்தவன் கை பட்டால் அந்தப் பொம்மை சூளையில் நிற்காது என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். புருஷன் துணியைப் பெண்டாட்டி தொடமாட்டாள். லீவு போட்டவன்கூடப் பொழுது சாய ஒரு நடை சைக்கிளில் வந்து, நனைத்துவிட்டுப் போவான். தாலி கட்டிய அன்று சாயங்காலம் கழுத்து மாலையோடு வந்து துணி நனைத்துவிட்டுப் போன மாப்பிள்ளையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்க ஆள் இருந்தவரைக்கும் சிரித்தார்கள்.

ஏனென்றால் கம்பெனி கைமாறிவிட்டது. புது முதலாளி யார் என்று ஒருவரும் முகம் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே போனவர்களில் பாதிப் பேரைத் திரும்பி உள்ளே விடவில்லை. கேட்டில் வைத்தே, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆணியில் மாட்டிய சட்டையைக்கூட வாட்ச்மேன்தான் எடுத்துவந்து கொடுத்தான். அவர்கள் வேலை செய்த பலகைகள் பொம்மையும் துணியுமாக அப்படியே நின்றுவிட்டன. அடுத்தவன் துணியை யார் தொடுவது? அப்படிக் கேட்டில் நின்றவர்களில் சிந்தாமணியின் புருஷன் தமிழ்மணியும் ஒருவன்.

ஒரே வீட்டில் புருஷனை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கே விளங்காத ஒன்றுக்கு அவள் யாரிடம் போய் விளக்கம் சொல்வது. கடலூரில் நர்சிங் படிக்கிற மகள் காவியாவின் படிப்பு இப்போது அவள் ஒருத்தி வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளையும் நிறுத்தினால் பிள்ளையைப் பெட்டியோடு திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் அவள் வாயைத் திறப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு போவாள், வருவாள்.

துணியின் ஈரத்தை முந்தானையால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தவள் பின்னாலேயே ஒரு குரல் கேட்டது.

"காலங்காத்தால அந்தப் பலகைகிட்ட இன்னாக்கா வேலை?"

பாக்கியமேரி. பக்கத்துப் பலகைக்காரி. அவள் வீட்டு மீன் குழம்புக்கும் சிந்தாமணி வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் பல வருஷத்துச் சம்பந்தம். ஆட்குறைப்புக்குப் பிறகு அந்தச் சம்பந்தமும் முறிந்துவிட்டது. மேரி இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

"துணி நனைஞ்சி கெடக்குது மேரி. யாருன்னு தெரியல."

"சாவி உங்ககிட்டதான இருக்குது," என்றாள் மேரி. சொல்லிவிட்டுத் தன் பலகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீடு கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதால் ஷெட் சாவியைச் சிந்தாமணியிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அது பெருமையாக இருந்தது.

மறுநாள் தனக்கோடியின் துணியோடு, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட அருள்ஜோதியின் துணியும் நனைந்திருந்தது. அதற்கடுத்து, பின்வரிசையில் இன்னொன்று. சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தான். சின்ன வயசுக்காரன். ஆட்குறைப்புக்கு முன்னால் சிடுசிடுவென்று இருப்பான். இப்போது எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான்.

"வெளிய போனவங்களுக்கு உள்ளேர்ந்து யாரோ கதவு தொறந்து வுடுறீங்க," என்றான் சிரித்துக்கொண்டே. "யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே அவங்களும் வெளிய. இன்னும் ஆள் கொறைங்கன்னு மேல சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. எனக்கும் யாரச் சொல்றதுன்னு கொழப்பம் இல்லாம போயிடும்."

அவன் பார்வை வரிசையாக வந்து சிந்தாமணியின் இடுப்புச் சாவியில் நின்றது. எல்லார் பார்வையும் அங்கேதான் வந்து நின்றது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு ஜோடிக் கண். தமிழ்மணி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் கையால் முகம் பிடிக்கிறவர்களில் அவனுக்கு நிகர் கிடையாது. அச்சில் வார்த்த பொம்மைக்கு அவன் கட்டைவிரலால் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பார்கள். அந்தக் கைகள் இப்போது மடியில் கிடந்தன. கிடந்தன என்றா சொன்னேன்? சும்மா கிடக்கவில்லை. அவன் கண் டிவியில் இருக்க, கைகள் இரண்டும் மடியில் எதையோ பிசைந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு வேலை போன விஷயத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கம்பெனிப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குப் போறேன்? போவச் சொன்னவன் மூஞ்சியில போயி முழிக்கவா?" கைகள் நிற்கவில்லை. விளம்பரம் வந்ததும் அவனே கேட்டான். "உன்ன மட்டும் ஏன் வச்சிருக்கான்?"

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றையிலிருந்து சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு படுத்தாள். கட்டிய புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன்மேலேயே கோபமாக வந்தது. ஆனாலும் சாவியைக் கழற்றவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் துணிகள் நனைந்தேதான் கிடந்தன. ஒரே ஒரு ஆறுதல், தமிழ்மணியின் பலகைத் துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தினமும் மூச்சே வரும்.

பக்கிரி சூளைக்காரன். சின்ன வயதில் கடுக்கனோடு காது மடல் பிய்ந்து போனதால் அவனுக்கு இடதுகாது இரண்டாகத் தொங்கும். அதிர்ந்து பேசமாட்டான். ஒருநாள் டீ நேரத்தில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அவள் பலகைப் பக்கம் வந்து நின்றான்.

"தங்கச்சி, நாளைக்குக் கருவேப்பிலங்குறிச்சி போறேன். அக்கா மவளுக்கு மஞ்சத்தண்ணி. தாய்மாமன் போவாம இருக்க முடியாது."

"போயிட்டு வாங்கண்ணே."

அவன் போகவில்லை. டீயில் ஆடை கட்டியது. "அந்தத் தனக்கோடி துணிய மட்டும் சாயங்காலமா கொஞ்சம் நனச்சி வுட்டுடுறியா?"

அவளுக்குக் கை நின்றது. "அப்ப நனைக்கிறது நீங்கதானா?"

"காஞ்சிடக் கூடாது தங்கச்சி. அவ்ளோதான் நான் சொல்லுவேன். வேற கேக்காத."

அவன் தோளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் ரூமின் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள் ஜெயபிரகாஷ் நின்றிருந்தான். அவர்களைப் பார்ப்பது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது. சிந்தாமணிக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி ஆயிற்று. பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்க ஆள் அனுப்பியிருக்கிறான். இவள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியது, நாளைக்கு இவள் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியது. பக்கிரி அண்ணனா இப்படி? யார் மனசில் என்ன இருக்கிறதோ. அவரவர் வயிறு அவரவருக்கு.

"அடுத்தவங்க துணிய நான் எதுக்குண்ணே தொடறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சத்தமாகவே சொன்னாள், கண்ணாடிக்குக் கேட்கட்டும் என்று.

பக்கிரி கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி அவளைப் பார்த்தான். பிறகு "சரி தங்கச்சி" என்று டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான்.

மறுநாள் தனக்கோடியின் துணியை யாரும் நனைக்கவில்லை. கத்திரி வெயிலுக்குத் தகரம் பழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் கதவைப் பூட்டும்போது அந்தத் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் துணி பலகையோடு பலகையாகத் தட்டையாகக் கிடந்தது. அதன் அடியில் இருந்தது இப்போது இல்லை.

சூளை எரிந்துகொண்டிருந்தது. பக்கிரி வந்து பற்றவைத்துவிட்டு டீக்குப் போயிருக்கிறான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் பெண்டாட்டி வாட்ச்மேனுக்குப் போன் பண்ணினாள். ராத்திரியே விசேஷத்திலிருந்து திரும்பியவர் விடிகாலையிலேயே டிபனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம், வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போய்விட்டாராம், சொல்லுங்கள் என்றாள். யாரும் அவனைப் பார்த்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் சூளைக்குள்ளே வெடித்தது.

பெரிய சத்தமில்லை. மெத்தையை யாரோ ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். மண் வேலை தெரிந்த எல்லாருக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும். உள்ளே கூடாக இருக்கிற பொம்மைக்கு அடியில் ஒரு ஓட்டை விடவேண்டும். விடாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று சூட்டில் வெளியேற வழியில்லாமல் பொம்மையைப் பிளந்துகொண்டு வரும். ஓட்டை இல்லாத எதுவோ சூளைக்குள் போயிருக்கிறது.

சூளை ஆறித் திறந்தபோது பெருக்கி அள்ளுகிற வேலை சிந்தாமணிக்கும் மேரிக்கும் விழுந்தது. ஓடுகளாகச் சிதறிக் கிடந்தது. வெள்ளை ஓடுகள். துடைப்பத்தில் ஒன்று உருண்டு வந்து அவள் கால்விரலில் இடித்து நின்றது. ஒரு காது. மனிதக் காது அளவில் அச்சு அசலான காது. அதன் மடல் இரண்டாகப் பிய்ந்திருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. மேரியைப் பார்த்தாள். மேரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துச் சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறுகையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள், குவளையில் மொண்டாள், அருள்ஜோதியின் பலகைக்குப் போய் அந்தத் துணியின்மேல் மெதுவாக, ஒரு இடம் விடாமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். பட்டப்பகலில். சிந்தாமணி பார்க்கிறாள் என்று தெரிந்தே ஊற்றினாள்.

"அடியில இன்னா இருக்குது மேரி?"

மேரி திரும்பவில்லை. "உங்க வேலையப் பாருங்கக்கா."

பக்கிரி வரவே இல்லை. சொல்லாமல் நின்றுவிட்டான் என்று கம்பெனியில் முடிவு கட்டினார்கள். ஆள் குறைந்ததில் ஜெயபிரகாஷுக்குத் திருப்திதான் என்று சிந்தாமணிக்குத் தோன்றியது. தான் அன்றைக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருந்தால், என்கிற நினைப்பைப் பாதியிலேயே வெட்டிவிடுவாள். அது தானாகத் திரும்ப முளைக்கும்.

வாரம் திரும்பிய அன்று காலையில் ஷெட்டைத் திறந்தபோது சொட்டுகிற சத்தம் புதிதாக ஓர் இடத்திலிருந்து வந்தது. அவளுக்குப் பழகிய இடம். தமிழ்மணியின் துணி நனைந்திருந்தது.

முந்தின ராத்திரி அவனுக்குச் சோறு போடும்போது அவன் நகக்கண்ணில் வெள்ளையாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். சுண்ணாம்பா என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றான். சாவி அவள் கழுத்தில்தான் இருந்தது. அவன் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை என்று பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி சத்தியம் பண்ணினாள்.

துணியைத் தூக்கினாள்.

ஒரு தலை. வேலை முடியவில்லை. நெற்றியும் மூக்குத் தண்டும் மட்டும் பிடித்திருந்தது, கன்னம் வெறும் உருண்டையாக இருந்தது. ஆனால் அந்தக் கன்னத்தில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்திருந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா. மூக்கின் இடதுபுறம் மூக்குத்திக் குழி. மேலுதட்டுக்கு மேலே, கடுகு அளவுக்கு ஒரு மரு. அவள் தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கிரி கேட்டது அவளுக்கு முழுதாக விளங்கியது. மேரி ஊற்றிய தண்ணீரும் விளங்கியது. வெளியே போனவர்களுக்காக யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. உள்ளே மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவரும், அவள் கதவைப் பூட்டுவதற்குள், தங்கள் தங்கள் முகத்தைத்தான் நனைத்துக் காயாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரமாக இருக்கிறவரைக்கும் சூளைக்கு ஏற்ற முடியாது.

உடைத்துப் போட்டுவிட்டால்? மண் கன்னத்தில் நகத்தை வைத்து அழுத்தினாள். அவள் கன்னம் சுரீரென்றது. கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தில் பிறைபோல் ஒரு பள்ளம். திரும்பி வந்து மண் தலையைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். ஓட்டை இல்லை. தமிழ்மணி ஒருநாளும் ஓட்டை விட மறந்தவனில்லை. கடைசியில், பாதி காய்ந்து கைக்கு விறைப்பாக நிற்கும்போதுதான் குத்துவான். ஈரத்தில் குத்தினால் மண் தானாக மூடிக்கொள்ளும். முந்தானை ஊக்கைக் கழற்றி அடியில் வைத்துக் குத்தினாள். உள்ளங்காலில் ஆணி ஏறினாற்போல வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். குத்திய இடம் அவள் கண் முன்னாலேயே கூடி மூடிக்கொண்டது.

துணியை நனைத்துப் போர்த்தினாள். வேறென்ன செய்வாள்.

அன்றையிலிருந்து எல்லாருக்கும் முந்தி வருவாள், எல்லாருக்கும் பிந்திப் போவாள். ஞாயிற்றுக்கிழமையும் பெருக்குகிற சாக்கில் வந்துவிடுவாள். அவளுக்கு முந்தியே மேரி பூட்டிய கதவருகே நிற்பாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு குவளையோடு ஆளுக்கொரு பலகையில் தண்ணீர் விடுவார்கள். துணியின் கீழே முகம் நாளுக்கு நாள் முடிந்துகொண்டே வந்தது. புருவம் வந்தது. காது வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தமிழ்மணி மடியில் கைகள் பிசைந்துகொண்டே இருக்கும். எங்கே எந்த இடத்தைப் பிடிக்கின்றன என்று அவளுக்கு உடம்பில் தெரிந்தது. கழுத்து. தாடை. அவன் மட்டும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவன் மிரண்டு போனான், ஏன் கையைப் பிடிக்கிறாள் என்று அவனுக்கே புரியவில்லை.

ஒருநாள் விடியலில் அவள் போனபோது பூட்டு திறந்திருந்தது. ஆபீஸில் ஒரு மாற்றுச் சாவி உண்டு என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பின்வரிசையில், யாருமே பேசாத அந்த மூன்றாவது ஈரத்துணிக்கு முன்னால், ஷூ போட்ட காலோடு ஜெயபிரகாஷ் நின்றிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில். மூடியைத் திறந்து துணியின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாமல் பார்த்தபோது அவன் காவியா வயசுப் பிள்ளை மாதிரி இருந்தான்.

அவளைப் பார்த்ததும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்," என்றாள் அவள்.

"நீ பாத்துட்ட," என்றான் அவன்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. வெளியே போன சிந்தாமணியைத் திரும்ப உள்ளே விடவில்லை. ஜெயபிரகாஷே கேட்டுக்கு வந்தான். சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"சாவியக் குடுத்துடும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம். துணி நனைக்கிறது யாருன்னு கண்டுபிடிச்சாச்சின்னு மேல சொல்லிட்டேன்."

"சார், எம் பொண்ணு படிக்கிது சார்."

"எல்லாருக்கும்தான் பொண்ணு இருக்குது."

"ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துடறேன் சார். ஒரு கொவள தண்ணி."

அவன் கண் ஒரு நொடி அசைந்தது. அவனுக்கும் தெரியும். "கேட்டச் சாத்துப்பா," என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் தன் ரூமுக்குப் போனான்.

தாலிக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி வாட்ச்மேன் கையில் போட்டாள். சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போய்க்கொண்டிருந்த மேரியைக் கம்பிக்கு வெளியிலிருந்தே பிடித்துக்கொண்டாள்.

"மேரி. எங்கூட்டுக்காரர் துணிய மட்டும் நனச்சி வுட்டுடு மேரி. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. உங்கால்ல வேணா வுழறேன்."

மேரி அவளைப் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசர் ரூமின் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பார்வை சிந்தாமணிக்குத் தெரிந்த பார்வை. பக்கிரியைத் தான் பார்த்த அதே பார்வை.

"அடுத்தவங்க துணிய நான் எதுக்குக்கா தொடறேன்," என்றாள் மேரி. சத்தமாகவே சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை. விடிந்து வெயில் ஏறியது. குடம் குடமாகக் குடித்தாள். குடித்தது எங்கே போகிறது என்று தெரியவில்லை. உதடு வெடித்தது. முழங்கை மடங்கும் இடம் இழுத்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு கூடத்தில் உட்கார்ந்தாள். புடவை பொசுக்கென்று காய்ந்தது.

தமிழ்மணி டிவி முன்னால் இருந்தான். அவனிடம் அவள் வேலை போனதைச் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. என்றைக்கும் இல்லாமல் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அப்போதுதான் கவனித்தாள்.

அவன் கைகள் நின்றிருந்தன.

மடியில் மல்லாந்து, அசையாமல், வேலை முடித்த கைகளாகக் கிடந்தன.

"ஏங்க," என்றாள். குரல் உலர்ந்திருந்தது. "ஓட்டை வுட்டீங்களா?"

"எதுக்கு?"

"அடியில. ஓட்டை வுட்டீங்களா, இல்லியா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். முதல்தடவையாக அவற்றைப் பார்ப்பவன் போலப் பார்த்தான். "தெரியலியே சிந்தா," என்றான்.

ஜன்னல் வழியாகக் கம்பெனிப் புகைபோக்கி தெரியும். நேற்றுவரை அது சும்மா நின்றது. பக்கிரிக்குப் பிறகு சூளை பற்றவைக்க ஆளே இல்லை. இப்போது அதன் வாயில் காற்று நெளிந்தது. மெல்லிய வெள்ளைப் புகை. பிறகு கொஞ்சம் தடிமனாக.

பாதத்தில் முதல் சூடு வந்தது.

ஓடவில்லை. எங்கே ஓடுவது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மயிரிழை போல ஒரு விரிசல், முழங்கைவரை. ரத்தம் இல்லை. உள்ளே வெள்ளை.

நெஞ்சுக்குள் காற்று முட்டியது. வெளியே வர இடமில்லை.

ஊக்கைக் கழற்றினாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஊக்கை அவன் கையில் வைத்தாள்.

"நீங்களே குத்துங்க. எனக்கு எடம் தெரியல. உங்க கைக்குத்தான் தெரியும்."

"இன்னா சொல்ற நீ," என்றான் தமிழ்மணி. அழுதுவிடுவான் போலிருந்தது. கை மட்டும் கேட்டுக்கொண்டது. இடதுகை அவள் குதிகாலைத் தாங்கி, பொம்மையைத் திருப்புகிற வாக்கில் மெதுவாகத் திருப்பியது. கட்டைவிரல் உள்ளங்காலில் தேடியது. ஓர் இடத்தில் நின்றது.

நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே காலியாகக் கணீரென்றது.

"நல்லா காஞ்சிடுச்சே சிந்தா," என்றான் அவன், கம்பெனியில் பேசுகிற குரலில். "இப்பக் குத்துனா வெடிச்சிடுமே."

ஜன்னலுக்கு வெளியே புகை கருத்துக்கொண்டிருந்தது. அவன் ஊக்கைத் திறந்தான்.